தேர்வும் துணையும்

காஞ்சிபுரத்துப் பட்டு வாணிகர் சரிகை வாங்குங்கால் அதன் பளபளப்பை மட்டும் கண்டு மயங்கார். பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே நல்ல சரிகை. அதில் வெள்ளி எத்துணை, பொன் எத்துணை என்று சோதித்து அறிந்த பின்னரே அவர் விலை பேசுவர். அச்சோதனை சரிகையின் தரத்தைக் காட்டவேண்டும். அதனைக் கொண்டுவந்தவர் நடந்து வந்தாரா, வண்டியில் வந்தாரா என்பதைக் காட்டவேண்டுவதில்லை. சரிகைக்குரிய இவ்விதி கல்விக்கும் உரியதாகும். மாணவர் ஒருவர் பெற்ற கல்வியை அளந்து காண்பதற்கு ஏற்பட்டது தேர்வு. அது கல்வியைத்தான் அளக்கவேண்டும். கண்ணின் ஒளியையும், செவியின் கூர்மையையும், விரலின் விரைவையும் அளத்தல் கூடாது.

இவ்வுண்மை சொல்லுதற்கு எளிது. தேர்வுக்கூடத்தில் இதனை நிலைநாட்டுதல் அரிது. பார்வை இழந்த மாணவர் ஒருவர் அச்சிட்ட வினாத்தாளின் முன் அமர்ந்திருக்கிறார். செவிப்புலன் குன்றிய மாணவி ஒருவர் ஒலிப்பதிவைக் கேட்டு விடையெழுதுமாறு பணிக்கப்படுகிறார். கை நடுக்கம் உடைய வேறொருவர் மூன்று மணி நேரம் இடைவிடாது எழுதவேண்டியிருக்கிறது. இவர்கள் பாடத்தை நன்கு கற்றவர்களே. ஆயினும் தேர்வு இவர்களுடைய கல்வியைக் காணாமல், குறையை மட்டும் கண்டு திரும்பிவிடுகிறது. இந்நிலையை மாற்றுதற்கு அமைந்தவையே தேர்வுத் துணைகள். அவற்றின் இயல்பையும் எல்லையையும் ஆங்கில மொழித் தேர்வை முன்வைத்து இங்கே காண்போம்.

ஆங்கிலத் தேர்வை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. காஞ்சியில் 1909ஆம் ஆண்டு பிறந்த பேரறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்தபொழுது, 1968ஆம் ஆண்டில், தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கை சட்டமன்றத் தீர்மானத்தால் உறுதிபெற்றது. ஆதலின் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பயில்வோர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாளையும் எழுதுகின்றனர். அதன்பின் அயல்நாட்டில் மேற்படிப்பை நாடுவோர்க்கும், செவிலியர் முதலாகப் பணி நாடிச் செல்வோர்க்கும் வேறு தேர்வுகள் காத்திருக்கின்றன. 1964ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டோஃபல் தேர்வு ஒன்று. 1989ஆம் ஆண்டு முதல் நடைபெறும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு மற்றொன்று. இவ்விரண்டும் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு திறன்களையும் அளக்கின்றன. நெசவாளர் வீட்டில் பிறந்து மேற்படிப்பை நாடும் மாணவி ஒருவருக்கு இத்தேர்வு ஒரு வாயில். அவ்வாயிற்படி அவருடைய உடற்குறையின் பொருட்டு மட்டும் உயர்ந்து நிற்குமாயின், சில மதிப்பெண்களோடு வாழ்வின் ஒரு வழியையே அவர் இழந்துவிடுவார்.

உடற்குறை உடையார் துணைகொண்டு கல்வியிற் சிறத்தல் நம் நாட்டுக்குப் புதியதன்று. கச்சி ஏகாம்பரநாதர்மீது உலாப் பாடிய இரட்டையர் வரலாற்றைத் தமிழுலகம் நன்கறியும். அவருள் ஒருவர் கால் வலியற்றவர். மற்றவர் கண்ணொளி அற்றவர். கண்ணொளி அற்றவர் மற்றவரைத் தோளில் சுமந்து நடப்பார். சுமக்கப்பட்டவர் வழி காட்டுவார். செய்யுள் பாடுங்காலும் ஒருவர் முற்பாதியைத் தொடங்க, மற்றவர் பிற்பாதியைப் பாடி முடிப்பார் என்பர். தோளில் அமர்ந்தவர் பாடியது என்பதனால் அப்பாட்டின் பெருமையைக் குறைத்துப் பேசுவாரும் உண்டோ?

அதே தொண்டை நாட்டில், பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்தவர் அந்தகக்கவி வீரராகவ முதலியார். பதினேழாம் நூற்றாண்டினராகிய அவர் பார்வை அற்றவர். எழுத்துகளை முதுகில் எழுதிக்காட்டி அவருக்குக் கற்பித்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. கண்ணின் வழியே செல்ல இயலாத எழுத்து மெய்யின் வழியே உள்ளத்தை அடைந்தது. சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் திருக்கழுக்குன்றப் புராணமும் அவ்வுள்ளத்தில் விளைந்த நூல்கள். கற்பதற்கு எழுத்து வேண்டும். அஃது எப்புலன் வழியாக நுழைந்தது என்பது கல்விக்குப் பொருட்டன்று என்பதை அப்புலவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

தொட்டு உணரும் எழுத்தை ஒழுங்குற்ற ஒரு முறையாக அமைத்துத் தந்தவர் லூயி பிரெயில் என்னும் பிரெஞ்சு நாட்டினர். 1809ஆம் ஆண்டு பிறந்த அவர் மூன்றாம் வயதில் தம் தந்தையாரின் தொழிற்கூடத்தில் நேர்ந்த விபத்தால் பார்வை இழக்க நேரிட்டது. 1824ஆம் ஆண்டில், பதினைந்து வயதுச் சிறுவராய் இருந்தபொழுதே, அவர் ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்துகள் அனைத்தையும் குறிக்கும் முறையைக் கண்டார். ஆறு புள்ளிகளுள் சிலவற்றை மேடாக்கியும் சிலவற்றை விட்டும் அமைப்பதனால் அறுபத்து மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. அதில் ஒலி ஒத்த எழுத்துகளுக்குக் கூடியவரை ஒரே வடிவம் தரப்பட்டுள்ளது. தமிழில் க, ப, ம, ர, ல என்னும் எழுத்துகளைக் குறிக்கும் புள்ளிகளே ஆங்கிலத்தில் அவற்றுக்கு இணையான கே, பி, எம், ஆர், எல் என்னும் எழுத்துகளையும் குறிக்கின்றன. ஆதலின் தமிழ்ப் பிரெயிலைக் கற்ற மாணவர் ஆங்கிலப் பாடத்தை முதன்முதலாகத் தொடும்பொழுது, முன்னமே பழகிய பல வடிவங்களை விரல்நுனியில் காண்கிறார். காஞ்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் உள்ள பூந்தமல்லியில், பார்வைக் குறைவுடைய மாணவர்க்கென அரசு மேல்நிலைப்பள்ளி ஒன்று இயங்குகிறது.

எழுத்து கிடைத்துவிட்டால் மட்டும் தேர்வு நேர்மையாய் நடந்துவிடுமா? இவ்வினாவுக்கு எல்லன் கெல்லர் அம்மையாரின் வாழ்க்கை விடை கூறுகிறது. பார்வையும் கேள்வியும் ஒருங்கே இழந்த அவர் அமெரிக்காவில் இராட்கிளிப் கல்லூரியில் சேர விரும்பி 1897ஆம் ஆண்டில் முதனிலைத் தேர்வை எழுதினார். அவர் பயின்ற பள்ளியின் தலைவர், வினாக்களை விரலெழுத்தின் வாயிலாக அவர் கையில் ஒவ்வோர் எழுத்தாகப் பதித்துக் காட்டினார். விடைகளை அவர் தட்டச்சுப் பொறியில் அடித்தார். பொறியின் ஓசை பிறர்க்கு இடையூறாகும் என்று தனி அறை தரப்பட்டது. அடித்து முடித்தவற்றைப் படித்துக் காட்டக் கேட்டுத் திருத்தம் சொல்லவும் வாய்ப்பிருந்தது. அவர் எல்லாப் பாடங்களிலும் தேறினார்; ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் சிறப்பு நிலை பெற்றார்.

ஈராண்டுக்குப் பின்னர், 1899ஆம் ஆண்டில், இறுதி நுழைவுத் தேர்வு வந்தது. இம்முறை வினாத்தாள்கள் அமெரிக்கப் பிரெயிலில் பெயர்த்துத் தரப்பட்டன. மொழிப்பாடங்களில் இடர் நேரவில்லை. ஆனால் இயற்கணிதத்தில் அவர் பழகியிருந்தது ஆங்கிலப் பிரெயிலின் குறியீடுகள். தாளில் இருந்தவையோ வேறு. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னர்தான் இவ்வேறுபாடு அவருக்குத் தெரியவந்தது. கணக்கை அறிந்திருந்தும், கணக்கின் குறியை அறிவதில் அவர் பெரிதும் இடர்ப்பட்டார். எனினும் தளராது எழுதித் தேறி, 1904ஆம் ஆண்டில் பட்டமும் பெற்றார். இவ்விரண்டு தேர்வுகளையும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். துணை என்று பெயரிட்டு எதையேனும் கொடுத்துவிடுதல் போதாது. மாணவர் நாள்தோறும் பழகிய துணையே தேர்விலும் துணையாகும். பழகாத துணை மற்றொரு தேர்வாகிவிடும்.

இக்காலத்து ஆங்கிலத் தேர்வுகளில் வழங்கும் துணைகள் பலவகைப்படும். அவற்றை வகுத்துக் காண்பதற்கு அமெரிக்க நாட்டுப் பள்ளிகளின் முறை உதவும். அந்நாட்டுப் பொதுப்பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்றுவரும் மாணவர் ஆண்டுதோறும் ஆங்கிலத் திறன் தேர்வு எழுதவேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. மாற்றுத்திறனாளி மாணவரும் இதற்கு உட்பட்டவரே. ஆதலின் அங்குப் பல மாநிலங்களில் துணைகளை மூன்று படிகளாக வகுத்துள்ளனர்.

முதற்படியில் உள்ளவை எல்லா மாணவர்க்கும் உரியவை. எழுத்தைப் பெரிதாக்கிக் காணுதல், படிக்கும் வரியை மட்டும் பிரித்துக் காட்டும் கோல், முதன்மையான சொல்லுக்கு வண்ணமிடுதல், குறிப்பெடுக்கத் தாள் ஆகியவை இவ்வகையின. இவற்றைப் பெறுதற்குச் சான்றிதழ் வேண்டா. இரண்டாம் படியில் உள்ளவை ஒரு மாணவருக்கு வேண்டுமென்று அவரை அறிந்த ஆசிரியர் முன்னரே குறித்துக் கொடுப்பவை. தனி அறை, கண்ணுக்கு இதமான வண்ண மாறுதல் முதலியன இதன்பாற்படும். மூன்றாம் படியில் உள்ளவை உடற்குறையோ கற்றல் குறைபாடோ உறுதிசெய்யப்பட்ட மாணவர்க்கு உரியவை. பிரெயில் வினாத்தாள், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், சிறப்புக் கருவிகள் ஆகியவை இங்கே அடங்கும். சிறு துணை யாவர்க்கும். பெருந்துணை வேண்டுவோர்க்கு என்பதே இவ்வகுப்பின் கருத்தாகும்.

ஐ.இ.எல்.டி.எஸ். முதலிய தேர்வுகளிலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. பார்வைக் குறைவுடையார் பிரெயிலிலோ பெரிய எழுத்திலோ தாளைப் பெறலாம். உதட்டசைவைக் கண்டு பேச்சை அறிவோர்க்கு, ஒலிப்பதிவுக்கு மாறாகத் தேர்வு நடத்துவோரே நேரில் படித்துக் காட்டும் வடிவமும் உண்டு. ஆயினும் இவையெல்லாம் தேர்வு நாளன்று கேட்டால் கிடைப்பவை அல்ல. தனித் தாள் ஆயத்தம் செய்யவேண்டியிருப்பதால், மருத்துவச் சான்றுடன் பல வாரங்களுக்கு முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும்.

இனி, துணையின் எல்லையைக் காண்போம். அறிவியல் தேர்வில் வினாவைப் படித்துக் காட்டினால் ஒரு குறையும் இல்லை; அங்கு அளக்கப்படுவது அறிவியல். ஆங்கிலத்தில் படிக்கும் திறனை அளக்கும் தேர்வில், கொடுக்கப்பட்ட பகுதியை ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினால் நிலைமை மாறிவிடுகிறது. அப்பொழுது அளக்கப்படுவது படித்தல் அன்று, கேட்டல் ஆகிவிடும். எழுதும் திறனை அளக்கும் தேர்வில் பிழை திருத்தும் கணினிக் கருவியை இயங்கவிட்டால், எழுத்துப் பிழையின்மை மாணவருடையதா, கருவியுடையதா என்பது விளங்காது. கேட்டல் தேர்வில் ஆங்கிலப் பேச்சைச் சைகைமொழியில் பெயர்த்துக் காட்டினால், அத்தேர்வு வேறொரு மொழியின் தேர்வாகும். சைகைமொழி தனக்கென இலக்கணம் உடைய தனிமொழி அன்றோ? ஆதலின் தேர்வு முறைகளைச் சைகையில் விளக்குதல் துணையாகும். வினாவின் உயிர்நிலையாகிய ஆங்கிலத்தையே பெயர்த்துவிடுதல் துணையாகாது.

இவ்வெல்லையைக் காஞ்சிப் பட்டின் கோர்வை நெசவு நன்கு விளக்கும். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் அமைய நெய்யுங்கால், எல்லா நாடாக்களையும் ஒருவரே ஓட்டுதல் இயலாது. ஆதலின் தறியின் பக்கத்தே துணையாள் ஒருவர் அமர்ந்து கரைக்குரிய நாடாவைத் தள்ளுவார். எவ்விடத்தில் எப்பூ, எவ்வளவில் எக்கரை என்பவற்றை முடிவு செய்தல் அவர் பணியன்று. துணையாள் இல்லையேல் அச்சேலை உருவாகாது. ஆயினும் நெய்தவர் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. தேர்வில் சொல்வதை எழுதுபவரின் நிலையும் இதுவே. அவர் கையைத் தரலாம். கருத்தைத் தருதல் கூடாது. எழுத்துக்கூட்டலும் அளக்கப்படும் தாளாயின், மாணவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல, சொன்னவாறே அவர் எழுதவேண்டும். இரட்டையருள் ஒருவர் தொடங்கிய பாட்டை மற்றவர் முடித்தது புலமைக்கு அழகு. தேர்வுக்கூடத்தில் பிறர் விடையை முடித்துவைத்தல் குற்றம்.

இத்துணைகளை இரக்கத்தால் இடும் கொடை என்று கருதுவோர் இன்றும் உளர். நம் நாட்டுச் சட்டம் அவ்வாறு கருதவில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டில் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007ஆம் ஆண்டில் உறுதிசெய்தது. அதன் வழியே 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை அதன் 17ஆம் பிரிவு எடுத்துரைக்கிறது. எழுத்துத் தேர்வுகளுக்கென 2018ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் மைய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், மணிக்கு இருபது நிமிடத்திற்குக் குறையாமல் ஈட்டு நேரம் தரவேண்டும் என்கின்றன. மூன்று மணி நேரத் தேர்வுக்கு இது ஒரு மணியாகும்.

சட்டம் இயற்றியவுடன் எல்லாத் தடையும் நீங்கிவிடவில்லை. எழுதத் தொடங்கினால் கை பிடித்துக்கொள்ளும் நோயுடைய தேர்வர் ஒருவர், குடிமைப்பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டுமென்று கேட்டார். நாற்பது விழுக்காட்டுக் குறைபாடு இருப்பதாகச் சான்று இல்லை என்பதால் அது மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எழுதுவதில் உண்மையான இடர்ப்பாடு உடையவருக்கு, விழுக்காட்டுக் கணக்கைக் காட்டித் துணையை மறுத்தல் கூடாது என்று 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக, நாற்பது விழுக்காட்டுக்குக் குறைந்தவர்க்கும் உரிய நெறிமுறைகள் 2022ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒருவர் கேட்ட நீதி பலருக்கு வழியாயிற்று.

துணைக்கும் விலக்குக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். துணை என்பது வாயிலைக் கடக்க உதவுவது. விலக்கு என்பது அவ்வாயிலுக்கே செல்லவேண்டா என்பது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் வழங்கப்படுவதோடு, செவிப்புலன் குறைந்தோர் முதலியோர்க்கு மொழிப்பாட விலக்கும் வழங்கப்படுகிறது. பிறவியிலேயே கேள்வியற்ற குழந்தை ஒன்று சைகைமொழியை முதலில் அறிகிறது. தமிழையே எழுத்தின் வழியாகப் புதுமொழிபோல் கற்கிறது. ஆங்கிலம் அதன்மேல் மற்றொரு சுமையாகிறது. அச்சுமையை இறக்கி வைத்து, ஏனைய பாடங்களில் முன்னேற இடந்தருவதால் விலக்கு பெருநன்மை உடையது.

எனினும் பதினைந்து வயதில் இறக்கி வைத்த சுமை இருபது வயதில் மீண்டும் எதிரே வந்து நிற்றல் உண்டு. உயர்கல்வி நூல்களும் கணினித் தொழிலும் அயல்நாட்டுத் தேர்வுகளும் ஆங்கிலத்தைக் கேட்கும்பொழுது, முன்பு அதனை அறவே கைவிட்டவர் திகைக்க நேரிடும். செவி உதவாத மாணவர் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்கலாம், கையால் எழுதலாம். அவருக்கு இயலாதது கேட்டல் ஒன்றே. குறைபாட்டால் ஒரு திறனை எவ்வகைத் துணையாலும் அளக்க இயலாவிடின், அத்திறனை மட்டும் விலக்கி எஞ்சியவற்றை அளக்கவேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளிகளின் விதி. ஒரு புலனின் பொருட்டு ஒரு மொழியையே இழக்கவிடாத இம்முறை கருதத்தக்கது. விலக்கை ஏற்பதும் விடுப்பதும் மாணவரும் பெற்றோரும் ஆசிரியரும் கூடி ஆராய்ந்து முடிவு செய்யவேண்டியவை. துணையால் ஆவது எது என்று முதலில் பார்த்து, அது போதாத இடத்தில் விலக்கை நாடுதல் முறை.

‘ஒருவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் மிகுதியாகக் கொடுப்பது பிறர்க்கு அநீதி ஆகாதோ?’ என்று சிலர் வினவுவர். வகுப்பில் மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவரைப் பார்த்து, ‘இவர் கண்ணாடியின் உதவியால் தேறினார்’ என்று யாரேனும் குறைகூறுவரோ? கண்ணாடி விடையைச் சொல்வதில்லை. வினாவைத் தெளிவாகக் காட்டுகிறது. கூடுதல் நேரமும் அத்தகையதே. கண் ஒரு பார்வையில் பல சொற்களைப் பற்றிக்கொள்ளும். விரலோ எழுத்து எழுத்தாகத் தடவிச் செல்லவேண்டும். திரும்பிப் பார்க்கவேண்டிய வரியைக் கண் நொடியில் கண்டுவிடும். விரல் மீண்டும் தேடிச் செல்லவேண்டும். இவ்விருவருக்கும் ஒரே நேரத்தைக் கொடுப்பது பார்வைக்குச் சமமாய்த் தோன்றினும் உண்மையில் சமமன்று. குழித்தறி அமைப்போர் நெய்பவரின் காலுக்கு ஏற்பக் குழியின் ஆழத்தை அமைப்பர். எல்லாத் தறிக்கும் ஒரே ஆழம் என்று பிடிவாதம் செய்தால், சிலர் கால் தரையை எட்டாது. சிலர் முழங்கால் தறியில் இடிக்கும். குழி மாறலாம், நெய்த சேலையை அளக்கும் முழக்கோல் மாறுதல் கூடாது. தேர்வுத் துணையின் நியாயம் முழுவதும் இதில் அடங்கும்.

இத்துணைகள் பயன் தருதற்கு மூவர் ஒத்துழைத்தல் வேண்டும். மாணவர் தமக்கு வேண்டிய துணை இன்னதென்று நாணாமல் எடுத்துரைக்கவேண்டும். கேட்டால் பிறர் இழிவாக எண்ணுவரோ என்று அஞ்சி வாளாவிருப்பவர் தம் உரிமையைத் தாமே இழப்பவர் ஆவர். ஆசிரியர் தேர்வுக்குப் பல திங்களுக்கு முன்னரே மாணவரின் இயல்பை அறிந்து, அத்துணையை வகுப்பிலேயே பழக்கவேண்டும். சான்றிதழும் விண்ணப்பமும் காலந்தவறாது சென்று சேர வழி செய்யவேண்டும். ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கடந்து சென்னைக்குச் சென்று, அங்குள்ள தேர்வுக்கூடத்தில் பிரெயில் தாள் இல்லை என்று கேட்டுத் திரும்புதல் எத்துணைத் துன்பம்! ஒரு கடிதத்தை உரிய நாளில் விடுத்திருந்தால் அத்துன்பத்தைத் தவிர்த்திருக்கலாம். தேர்வு நடத்துவோர், தாம் அளக்க விரும்புவது யாது, அதற்குப் புறம்பானது யாது என்பதை முன்னரே தெளிவுறுத்தல் வேண்டும். அத்தெளிவு இல்லாத இடத்தில்தான் வேண்டிய துணை மறுக்கப்படுகிறது. வேண்டாத துணையும் நுழைந்துவிடுகிறது.

மாணவர்களே! இப்பணியில் உங்களுக்கும் பங்குண்டு. தேர்வர் தாமே அழைத்துவரும் எழுதுபவர், அவரைவிடக் கல்வியில் ஒரு படி குறைந்தவராய் இருத்தல் வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு நெறிமுறை கூறியது. எனவே உயர்வகுப்பினர் ஒருவருக்காகப் பேனா பிடிக்கும் வாய்ப்பு உங்களுள் யாரையும் தேடி வரலாம். அன்று நீங்கள் செய்யவேண்டியவை சில. வினாவைத் திருத்தமாகவும் நிதானமாகவும் படித்துக் காட்டுங்கள். மறுமுறை கேட்டால் முகம் சுளிக்காது மீண்டும் படியுங்கள். சொன்னதைச் சொன்னவாறே எழுதுங்கள். விடை தவறென்று உங்களுக்குத் தோன்றினும் குரலாலோ, தயக்கத்தாலோ அதனைக் காட்டிக்கொள்ளாதீர்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால் ஒரு சொல்லையும் விடாது படியுங்கள். அவர் ஓராண்டு முயன்று பெற்ற கல்வி அம்மூன்று மணி நேரமும் உங்கள் கையை நம்பி இருக்கிறது. அதனைக் குறைக்காமலும் கூட்டாமலும் தாளில் சேர்ப்பதே நீங்கள் அவருக்குச் செய்யும் உதவி. தேர்வுக்கும் நீங்கள் செய்யும் நேர்மை அதுவே.